சோத்துக்கைப் பாடம்

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வாத்தியார்கள். அப்பா கணக்கு, அம்மா தமிழ், அண்ணன் வேதியியல், வந்து சேர்ந்த அண்ணியும் சும்மா இல்லை, வரலாறு. நான் மட்டும் குரங்குக்குப் பாடம் எடுத்தேன். சேலையூரில் ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாசலில் நிற்கும்போது யாராவது, "இப்ப எங்கம்மா வேலை?" என்று கேட்பார்கள். "லேப்ல" என்பேன். அதற்கு மேல் சொன்னால் அவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது சபைக்கே தெரியும்.

ஆய்வுக்கூடம் ஜி.எஸ்.டி. ரோட்டில், பொத்தேரி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. காலையில் கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ, தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி, இறங்கினால் காலேஜ் பிள்ளைகளின் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே கொஞ்ச தூரம் நடப்பேன். பிறகு அவர்கள் எல்லோரும் கேட்டுக்குள் போய்விடுவார்கள், நான் மட்டும் நேரே போவேன்.

என் வேலை, சொல்லக் கேட்டால் சுலபம். ஒரு பலகையில் வரிசையாக மூன்று குழிகள். ஒவ்வொரு குழியையும் ஒரு சாமானால் மூட வேண்டும். இரண்டு ஒரே மாதிரி, ஒன்று வேறு மாதிரி. இரண்டு சிவப்பு மூடி, ஒரு நீல சோப்பு டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீல டப்பாவுக்கு அடியில் ஒரு வேர்க்கடலை. குரங்கு மூன்றில் ஒன்றைத்தான் தள்ளலாம். சரியாகத் தள்ளினால் கடலை. தப்பென்றால் பலகையைப் பின்னால் இழுத்துக்கொள்வோம்.

முதலில் குரங்கு என்ன நினைக்கும்? நீல டப்பாதான் கடலை டப்பா என்று நினைக்கும். நாலைந்து தடவையில் அதைப் பிடித்துவிடும். அப்போது நாம் மாற்றிவிடுவோம். இரண்டு நீல டப்பா, ஒரு சிவப்பு மூடி. அது நம்பிக்கையோடு நீலத்தைத் தள்ளும். காலிக்குழி. அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏமாற்றிவிட்டாயே என்று நம்மையே கேட்கும். பிறகு வேறு சாமான், அதற்குப் பிறகு இன்னும் வேறு. நூற்றுக்கணக்கில் இப்படி மாற்றிக்கொண்டே போனால் ஏதோ ஒரு நாள் சில குரங்குகளுக்கு விளங்கிவிடும். கடலை நீலத்திலும் இல்லை, சிவப்பிலும் இல்லை, எது தனியாக நிற்கிறதோ அதில் இருக்கிறது. விளங்கியதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். அது இதுவரை பார்த்தே இராத சாமான்களை வைக்க வேண்டும். முதல் தடவையிலேயே சரியானதைத் தள்ளினால் பாடம் ஏறிவிட்டது. இரண்டாம் தடவை சரியாகச் செய்வதற்கு மரியாதை கிடையாது.

மூன்று நாட்டுக்குரங்குகள் இருந்தன. ஒன்று, என்ன வைத்தாலும் இடது ஓரத்தையே தள்ளும். இன்னொன்று கொஞ்ச நாளில் சலித்துப்போய்ப் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கேளம்பாக்கம் போகிற ரோட்டில் ஆய்வுக்கூடங்களிலிருந்து விடுபட்ட குரங்குகளுக்கென்று ஒரு இடம் உண்டு. மரங்கள், தொட்டித் தண்ணீர், பெரிய கம்பிவலைக்குள் இருபது குரங்குகள் ஒன்றாக. ஆக, பாஸ் செய்தால் கூண்டு, பெயிலானால் தோப்பு. என் அப்பாவிடம் சொல்லியிருந்தால் இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டிருப்பார்.

மிஞ்சியவள் இவள். தலையில் நடுவகிடு எடுத்தாற்போல முடி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பெண் மாதிரி. அவளுக்கு எண்தான் இருந்தது, பெயர் கிடையாது. பெயர் வைக்கக் கூடாது என்று ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் சொல்லியிருந்தார். நான் "ஏய்" என்று கூப்பிடுவேன், திரும்பிப் பார்ப்பாள். என் வீட்டில் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள், அண்ணன் கோயம்புத்தூரில். சேலையூரில் ஒரு மாடிப் போர்ஷனில் நானும் டி.வி.யும் இருந்தோம். இருக்கிறோம்.

வேலையில் கட்டுப்பாடுகள் அதிகம். குரங்கு நம் கண்ணைப் பார்த்தே விடையைக் கண்டுபிடித்துவிடும், ஆகவே அது யோசிக்கும்போது நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். முகத்தில் மாஸ்க். கடலையை வைக்கும்போது எனக்கும் அதற்கும் நடுவில் கயிற்றில் ஏறி இறங்கும் ஒரு மரத்தடுப்பு. எல்லாம் வைத்து முடித்தபின்தான் தடுப்பைத் தூக்க வேண்டும். சாமான்களில் கைவாசனை ஒட்டக் கூடாது என்று ஸ்பிரிட்டில் துடைத்து, நீலக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். என் முகத்தைப் பற்றி அத்தனை யோசித்தார்கள். கையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

நான் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. எழுதுவது, வெட்டுவது, பெருக்குவது, பூட்டுவது எல்லாம் இடது கை. அம்மா அதையெல்லாம் விட்டுவிட்டாள், ஒன்றைத் தவிர. "சோத்தப் பீச்சாங்கையால தொட்டே, பாத்துக்கோ!" என்று சொல்லும்போதே அடியும் விழுந்துவிடும். தின்கிற பொருள் எதுவானாலும் சோத்துக்கை. யாருக்குக் கொடுத்தாலும் சோத்துக்கை. நாற்பத்தேழு வயதில் குரங்குக்குக் கடலை வைக்கும்போதும் என் வலது கைதான் தானாக நீளும். கையுறையில் கடலை வழுக்குகிறதென்று அந்தக் கையில் உறையும் போடுவதில்லை. சாமான்களை இடது கை எடுத்து வைக்கும், கடலையை வலது கை வைக்கும். கடலை வைத்த குழியை மூடுவதும் வலது கைதான், அது அங்கேயே இருக்கிறதே என்று.

ஒரு வருடம் போல அவளுக்கும் ஒன்றும் ஏறவில்லை. அந்த வருட மழையில் ஆய்வுக்கூடத்துக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. மோட்டார் வைத்து இறைத்துக் காய்ந்து, வேலை மறுபடி தொடங்கிக் கொஞ்ச நாளில், அதிசயம்! புதுச் சாமான், முதல் தடவை, சரி. அடுத்த புதுச் சாமான், முதல் தடவை, அதுவும் சரி. ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் தப்பு. பேராசிரியர் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். "புடிச்சிட்டாம்மா! ரூல புடிச்சிட்டா!" என்றார்.

எனக்கு அன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா? அப்பாவுடைய மாணவர்கள் ரிசல்ட் வந்ததும் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வருவார்கள். எனக்கும் ஒருத்தி வந்துவிட்டாள் என்று இருந்தது. ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இன்னொன்றும் புதிதாகச் சேர்ந்திருந்தது. தடுப்பு இறங்கினதும் அவள் முன்னங்கைகளை ஊன்றி, முகவாயைத் தரையில் பதித்து, அப்படியே அசையாமல் கிடப்பாள். தடுப்பு ஏறும்போது நிமிர்வாள். கூண்டு கழுவ வரும் அண்ணன் பெருங்களத்தூர்க்காரர், எதையும் கேலி பேசாமல் விடமாட்டார். "இன்னா மேடம், ஒங்க பொண்ணு ஜெபம் பண்ணிகினு கீது! ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு இட்டுகினு போங்கோ" என்பார். "உங்க வேலைய பாருங்கண்ணா" என்று எரிந்து விழுவேன். ஆனால் எனக்கு அந்தக் கும்பிடு பிடித்திருந்தது. அவள் யோசிக்கிறாள், மனதை ஒருமுகப்படுத்துகிறாள் என்று பேராசிரியரிடமே சொன்னேன். அவரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு நான் கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, அது முழுசாக நிற்பதற்கு முன்னால் காலை வைத்து விழுந்தேன். வலது மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டுத் தூளி கட்டிவிட்டார்கள். லீவு எடுக்கச் சொன்னார் பேராசிரியர். லீவு எடுத்து வீட்டில் யாரைப் பார்த்துக்கொண்டிருப்பது? இடது கைதான் எனக்கு முக்கியக் கை, சமாளித்துக்கொள்வேன் என்று போய்விட்டேன். வீட்டில் ஸ்பூனைப் பீச்சாங்கையில் பிடித்துச் சாப்பிட்டேன். அடிக்க யாரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது. அழுதேன், வேறென்ன.

ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் இடது கையாலேயே வைத்தேன். தடுப்பு இறங்கியது, அவள் கும்பிட்டாள், தடுப்பு ஏறியது, தப்பு. அடுத்ததும் தப்பு. அன்றைக்கு முழுக்கத் தப்பு. மறுநாளும். தள்ளும்போதுகூடப் பலகையைப் பார்க்காமல் என் தூளியைப் பார்த்தாள். நான் அடிபட்டதற்கு வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல! இரண்டு வாரம் இப்படிப் போனதும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது சரியா வரலம்மா. மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். இப்படியே போச்சுன்னா இவளையும் அனுப்பிட வேண்டியதுதான்."

அன்று மதியம் அவளைப் பின்கூண்டுக்கு மாற்றி அண்ணன் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, ஈரத் தரையில் அவள் இடத்தில் போய் மண்டியிட்டேன். "அண்ணா, அந்தப் பக்கம் போய் தடுப்ப இறக்குங்க. பலகையில சாமான வைங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கைதான மேடம் அடிபட்டிச்சி?" என்று கேட்டுக்கொண்டே போனார். தடுப்பு இறங்கியது. நான் அவளைப் போல முகவாயைத் தரையில் வைத்தேன்.

தடுப்பின் அடியில் இரண்டு விரல் அளவு வெளிச்சம் தெரிந்தது. மழைத் தண்ணீரில் மரம் ஊறி, உப்பி, அடிவரைக்கும் இறங்காமல் மேலேயே சிக்கி நின்றிருக்கிறது. நின்று வேலை செய்கிற எங்களுக்கு அது தெரியவே இல்லை. அந்த இடுக்கில் அண்ணனின் விரல்கள் ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குப் போவது அழகாகத் தெரிந்தது.

அவள் ஜெபம் பண்ணவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கை எங்கே போகிறது என்பதில் அவளுக்கு அக்கறையில்லை. வெறும் கை எந்தக் குழிக்குப் போகிறதோ, அங்கேதான் கடலை. தனியாக நிற்பது எது என்பதை அவள் கற்கவே இல்லை. என் அம்மா என்னை அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்ததை அவள் ஒரு அடியும் வாங்காமல் கற்றுக்கொண்டிருந்தாள்.

எழுந்து புடவையை உதறிக்கொண்டேன். "இன்னா மேடம், இன்னா தெரிஞ்சிது?" என்று கேட்டார் அண்ணன். "ஒண்ணும் தெரியல" என்றேன். நான் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவள் இல்லை, ஆனால் அது சட்டென்று வந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருட வேலை குப்பை, அவள் காப்பகத்துக்கு. சொல்லாவிட்டால் கட்டுப் பிரித்ததும் எல்லாம் பழையபடி. அவள் எனக்கு மிஞ்சுவாள். கட்டுப் பிரித்தார்கள். வலது கை இன்னும் வலித்தது, இருந்தாலும் அந்தக் கையாலேயே கடலை வைத்தேன், இந்த முறை தெரிந்தே. தடுப்பு இறங்கியது, கும்பிட்டாள், சரி. அடுத்தது, சரி. பேராசிரியருக்கு உயிர் வந்தது. "நடுவுல ஏதோ ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கு. இனிமே இவள எங்கேயும் அனுப்பப் போறதில்ல. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இவள வச்சே வேலை இருக்கு" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். கட்டுப் பிரித்த பிறகு மூன்று வாரம் இப்படிப் போனது, அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். என் கையை ஒரு உயிர் அவ்வளவு கவனமாகப் பார்க்கிறது. நான் புதுப் புடவை கட்டினால் பார்க்க ஆளில்லை, முடி வெட்டினால் கேட்க ஆளில்லை. இவள் என் விரல் அசைவதைத் தரையோடு தரையாகப் படுத்துப் பார்க்கிறாள். கடலைக்காகத்தான், தெரியாதா எனக்கு. தெரிந்துதான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் தோள்பட்டையில் பிடித்துக்கொண்டது, விழுந்ததன் மிச்சம். வீட்டில் தைலத்தை எடுத்து முதுகில் தேய்க்கப் பார்த்தால் வலிக்கிற இடத்துக்குக் கை எட்டவில்லை. வலது கை வளையாது, இடது கைக்கு அந்தப் பக்கம் தூரம். கடைசியில் கதவு நிலையில் முதுகைத் தேய்த்தேன். மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கூண்டின் கம்பியில் முதுகைச் சாய்த்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பலகைக்கு முதுகைக் காட்டுமே, அந்தக் குரங்கு இருந்த கூண்டு அது. அது இருந்தபோது அந்தக் கம்பி வழியாகக் கையை விட்டு இவளுக்கு மணிக்கணக்கில் முதுகில் பேன் பார்த்துவிடும். அது போய் மாதங்கள் ஆகின்றன. கூண்டு காலி. இவள் முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அடிப்பாவி, உனக்குத் துணை வேண்டுமென்றால் ஒரு நாயை வாங்கி வளர்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று வாய்விட்டுத் திட்டினேன். அவள் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள்.

அண்ணனிடம் சுத்தியலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மரச்சட்டமும் கேட்டு வாங்கினேன். "நான் அடிச்சித் தர்றேன் மேடம்" என்றார். வேண்டாம் என்று நானே தடுப்பின் அடியில் ஆணி அடித்தேன், பீச்சாங்கையால். ஒரு ஆணி வளைந்தது. பிறகு பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று வாரம் தெரிந்தே செய்ததையும் சேர்த்து. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நோட்டை எடுத்து, "மனதை ஒருமுகப்படுத்துகிறாள்" என்று எழுதிய பக்கத்தைத் தேடி, அதை ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரு வருஷம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரு மாதம் முறையாக வைத்துப் பார்ப்போம், அதற்குள் அவளுக்கு விளங்கினால் இருக்கட்டும், இல்லையென்றால் அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று.

அந்த ஒரு மாதத்தை நான் மறக்க மாட்டேன். முதல் நாள் தடுப்பு இறங்கியது, அவள் முகவாயைத் தரையில் வைத்தாள். மரம். அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். மரம். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். தடுப்பு ஏறியதும் மூன்று சாமானையும் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாவது நாளில் கும்பிடுவதை விட்டுவிட்டாள். நடுவில் ஓரிரு நாட்கள் சரியாகத் தள்ளினாள். விளங்கிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். வாத்தியார் வீட்டுப் பெண் ஒருத்தி, தன் ஒரே மாணவி பெயிலாக வேண்டுமென்று வேண்டிக்கொண்டாள். பெயிலானாள். ஒரு வெள்ளிக்கிழமை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன்.

என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே என்னை யாரும் எதற்கும் பார்ப்பதில்லை. அண்ணன்தான் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "ஒரு தபா போய்ப் பாத்துட்டு வாங்கோ மேடம், மனசு ஆறும்" என்பார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை போனேன். வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் பஸ் பிடித்து, வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். காப்பகத்தில் ஒரு பெண், "கம்பிக்கு வெளிய இருந்தே பாருங்கம்மா, ஒரு கை கடல வேணும்னா போடலாம்" என்று விட்டாள். கம்பிவலைக்குள் இருபது நடுவகிடுகள். என்னால் கண்டுபிடிக்க முடியாது என்று பயந்துகொண்டே வந்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். வேப்பமரத்தடியில் ஒருத்தி அவள் முதுகைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், இவள் கண்ணை மூடிச் சொக்கிப்போயிருந்தாள். பிடிவாதமாக முதுகைக் காட்டி உட்கார்ந்த அந்தப் பழைய குரங்காகவும் இருக்கலாம் அந்த இன்னொருத்தி. சொல்லத் தெரியவில்லை.

"ஏய்" என்றேன். கண்ணைத் திறந்தாள். எழுந்து வந்தாள்.

கம்பி ஓரமாகக் குந்தி, மூடிய இரண்டு கைகளையும் தரையில் வைத்தேன். இரண்டிலும் கையுறை இல்லை. அவள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, முன்னங்கைகளை ஊன்றி முகவாயைத் தரையில் வைத்தாள். அங்கே தடுப்பும் இல்லை, இடுக்கும் இல்லை. ஒரு கையைப் பார்த்தாள், மறு கையைப் பார்த்தாள். அப்போது மரத்தடியிலிருந்து மற்றவள் ஒரு குரல் கொடுத்தாள். இவள் எழுந்து, எதையும் தொடாமல், ஓடிப்போய் அவளிடம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கைகளைத் திறந்தேன். இரண்டிலும் கடலை வைத்திருந்தேன். எதைத் தொட்டிருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

வண்டலூரில் ஏறின ரயிலில் உட்கார இடமில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்றபடி வலது கையில் இருந்த கடலையை முதலில் தின்றேன். பிறகு இடது கையில் இருந்ததை அந்தக் கையாலேயே ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டேன். பெருங்களத்தூரில் இன்னும் நிறையப் பேர் ஏறினார்கள். யாரும் பார்க்கவில்லை.